எறும்புக்கும் கை காட்டுகிறவன்

இடது பக்கம் ஒரு குழி. குழி என்று சொன்னால் குழிக்கே வெட்கம். தார் பெயர்ந்து இட்லித் தட்டு அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது, அவ்வளவுதான். இருந்தாலும் ஆவுடையப்பனின் இடது கை ஹேண்டில்பாரை விட்டு இறங்கி, தொடைக்குப் பக்கத்தில் நீண்டு, தரையைக் காட்டியது. இரண்டு தடவை ஆட்டியும் காட்டியது. பிறகு வாயாலும் சொன்னான், "குழி, இடது." மேற்கிலிருந்து எதிரே அடிக்கிற கச்சான் காற்று அந்தச் சொல்லைப் பிடுங்கிப் பின்னால் கொண்டுபோயிற்று. பின்னால் வருகிற அல்வினுக்குக் கேட்டிருக்கும். இந்தக் காற்றில் முன்னால் போகிறவன் முனகினால்கூடப் பின்னால் கேட்கும். கன்னியாகுமரியில் காலை ஆறரைக்குக் கிளம்பியதிலிருந்து எத்தனை தடவை கை காட்டியிருப்பான்? நூறு இருக்குமா? கல்லுக்கு, ரோட்டில் ஏறிக் கிடந்த மணலுக்கு, செத்த தவளைக்கு, வேகத்தடைக்கு, வேகத்தடை மாதிரி குறுக்கே விழுந்திருந்த தென்னை நிழலுக்கு. நிழலுக்குக் காட்டியபோது அவனுக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்றைக்கு மூன்றாம் நாள். தூத்துக்குடியில் கிளம்பி முதல் நாள் மணப்பாடு, இரண்டாம் நாள் உவரி வழியாகக் கன்னியாகுமரி, இன்று முட்டத்தைத் தாண்டி ராத்திரித் தங்கல், நாளை தேங்காப்பட்டினம். கடலை இடது கையில் பிடித்துக்கொண்டு போகிற வழி. ரோடு இருக்கிற இடத்தில் மிதிப்பு, ரோட்டைக் கடல் தின்ற இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கி நடை. போன தடவையும் இதே வழிதான். மூன்றாம் நாள் வரைக்கும்தான் போனார்கள்.

கை காட்டுவது அவர்கள் குழுவின் சட்டம். வரிசையாகப் போகிற சைக்கிள்காரர்கள் முன்னவனின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் விட்டு ஒட்டிக்கொண்டு போவார்கள். காற்றையெல்லாம் முன்னவன் வாங்கிக்கொள்வான், பின்னவனுக்குப் பாதி மிதிப்பு மிச்சம். ஆனால் அப்படி ஒட்டி வருகிறவனுக்கு ரோடு தெரியாது, முன்னால் இருக்கிற முதுகுதான் தெரியும். அதனால் முன்னவன் பார்த்ததையெல்லாம் கையால் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஆறு பேர் இருந்த அந்தக் குழுவுக்குச் சட்டம் போட்டவன் கஸ்பார். "பின்னால வாறவன் ரோட்டப் பாக்க மாட்டாம்ல, ஒன் முதுகத்தான் பாப்பான். ஒன் கைதான் அவனுக்குக் கண்ணு" என்பான். பெரிய உடம்பு, பெரிய குரல், எவனையும் 'ஏல' போட்டுத்தான் கூப்பிடுவான். அந்த உடம்பு இப்போது தூத்துக்குடியில் ஒரு இரும்புக் கட்டிலில், காற்று நிரப்பிய மெத்தையில் கிடக்கிறது. மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, கைவிரலும் மடங்காது. பதினாலு மாதமாகிறது. பதினாலு மாதம், மூன்று நாள். மூன்று நாளைச் சேர்க்காமல் ஆவுடையப்பனால் எண்ண முடியாது. பாலிடெக்னிக் லேபில் இருபத்திரண்டு வருஷமாக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் அளந்து பழகிய ஆள்.

"கிட்ட வா அல்வின், காத்து அடிக்கில்லா. எம் பின்னால ஒட்டி வா" என்று தலையைத் திருப்பாமலே கத்தினான். "பரவால்லண்ணே" என்று பதில் வந்தது. வெகு தூரத்திலிருந்து வந்தது. நாலு சைக்கிள் நீளமாவது இருக்கும். மூன்று நாளும் இப்படித்தான். கஸ்பாரின் தம்பி அல்வின், இருபத்தொன்பது வயது, ஓசூரில் வேலை, பத்து நாள் லீவில் வந்தவனை அண்ணன்தான் கட்டிலில் கிடந்தபடியே கிளப்பிவிட்டான். 'பாதியில நிக்கி அந்த ரூட்டு. எனக்காவ முடிச்சிருங்கல. என் சைக்கிள எடுத்துக்க. ஆவுடை கூடப் போ.' அந்த நீலச் சைக்கிள்தான் பின்னால் வருகிறது. முன்சக்கரத்தைப் பிடிக்கிற வளைந்துபோன ஃபோர்க்கை ஆவுடையப்பனே கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தான். புதுசு மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கறுத்த நீலம், எவ்வளவு தேடியும் அதே நீலம் கிடைக்கவில்லை. பையன் எதிர்க்காற்றில் தனியாகக் கிடந்து மல்லுக்கட்டுகிறான், மூச்சு வாங்குவது காற்றுக்கு எதிராகவும் கேட்கிறது, ஆனாலும் ஒட்டி வரமாட்டேன் என்கிறான். பையன் இதற்குப் புதுசு, சக்கரம் முட்டிவிடுமோ என்று பயமாக இருக்கும். பயம் நல்லதுதான். கஸ்பாருக்குப் பயம் கிடையாது. கஸ்பார் ஒரு சாண் என்றால் அரைச் சாணில் வருவான். அவன் முன்சக்கரத்தின் சத்தம் முதுகுத்தண்டில் கேட்கும், அப்படி ஒட்டி வருவான். அந்தச் சத்தம் இப்போது இல்லாதது முதுகுக்குப் பின்னால் ஒரு கதவைத் திறந்து போட்டது மாதிரி இருந்தது. வலது பக்கம் மாட்டுச் சாணம். காட்டினான்.

ஆவுடையப்பனுக்கு நாற்பத்தேழு வயது. அதில் நாற்பத்தைந்து வருஷம் அவனை யாரும் ஒரு குற்றம் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு அவன் எதையும் செய்ததில்லை என்பதுதான் காரணம். வீட்டில் மனைவி பகவதி சொல்லுவாள், "நீங்க பூட்டுன கதவத் திரும்ப இழுத்துப் பாக்கதுக்குள்ள பஸ் போயிரும்" என்று. அப்படிப்பட்ட ஆளைக் கஸ்பார் முன்னால் விட்டதே அதற்காகத்தான். போன தடவை மூன்றாம் நாள் காலை, கன்னியாகுமரியில் டீக்கடை வாசலில் ஆறு பேரும் நின்றிருந்தார்கள், ராத்திரி பெய்த மழையில் பெஞ்சு நனைந்திருந்தது, உட்கார முடியவில்லை. யார் முன்னால் போவது என்று பேச்சு வந்தது. கஸ்பார் டீ கிளாஸைத் தூக்கிச் சொன்னான். "ஆவுடைய விடுங்கல. அவன் முன்னால போனா எறும்பு குறுக்க வந்தாக்கூட கை காட்டுவான். ஆண் எறும்பா பொண்ணெறும்பான்னுஞ் சொல்லுவான்." எல்லோரும் சிரித்தார்கள். ஒருவனுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. டீ ஆற்றுகிறவனும் சிரித்தான். முன்பின் தெரியாத ஆள், அவனுக்கு என்ன வந்தது? ஆவுடையப்பனும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் இன்னும் சிரிப்பார்கள். அதில் விஷமே கிடையாது, அதுதான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. பிரியத்தில் சொன்னதுதான். பிரியத்தில் சொன்னது ஒருத்தன் காதில் போய் என்னவாக மாறும் என்று சொன்னவனுக்கு எப்படித் தெரியும்? சைக்கிளில் ஏறி உட்காரும்போது ஆவுடையப்பன் ஒரு முடிவு செய்தான். இன்றைக்குத் தொட்டதற்கெல்லாம் கை காட்டக் கூடாது. நிஜமான குழிக்கு மட்டும்தான். மற்றவர்களெல்லாம் காட்டுகிற மாதிரி, அலட்சியமாக, ஒரு விரலால். ஒரு மணி நேரம் அப்படித்தான் போனான். நன்றாகக்கூட இருந்தது. காய்ந்த மட்டையைப் பார்த்துக் கை காட்டாமல் தாண்டியபோது உடம்பெல்லாம் ஒரு தைரியம் வந்தது. நாற்பத்தைந்து வயதில் வந்த தைரியம்.

பிறகு அந்தத் தண்ணீர். செம்மண் கலங்கி, ஒரு முறம் அகலத்துக்குத் தேங்கிக் கிடந்தது. மழை பெய்த ரோட்டில் அந்த மாதிரி நூறு கிடந்தது, தொண்ணூற்றொன்பது வெறும் ஈரம்தான். இது குழியா ஈரமா? பார்த்தான். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எத்தனையோ தடவை முயன்றிருக்கிறான், முடியவில்லை, பார்த்தான். பார்த்ததால்தான் ஹேண்டிலை ஒரு சாண் வலது பக்கம் ஒடித்தான். ஒதுங்கத் தெரிந்த உடம்புக்கு அடுத்தவனிடம் சொல்லத் தெரியவில்லையே. இடது கை ஆள்காட்டி விரல் பிரேக்கிலிருந்து எழுந்தது. எழுந்தது, அதுவும் நிஜம். எழுந்த விரலுக்கு எதிரே டீக்கடைச் சிரிப்பு வந்து நின்றது. ஈரத்துக்கெல்லாம் கை காட்டுதான் பாருல. விரல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. எல்லாம் சேர்ந்து இரண்டு வினாடி இருக்கும். லேபில் ஊசல் குண்டு ஒருமுறை போய்த் திரும்புகிற நேரம். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம், அதன்பின் சக்கரம் காற்றில் சும்மா சுற்றுகிற சத்தம். திரும்பிப் பார்த்தபோது கஸ்பார் ரோட்டில் மல்லாக்கக் கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலி இல்லை என்றான். "வலிக்கவே இல்லலெ, என்னத் தூக்கி விடு" என்றான். வலிக்கவே இல்லை என்று அவன் சொன்ன சொல்லின் அர்த்தம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்து கேட்டார், எப்படி விழுந்தீர்கள் என்று. கட்டிலுக்கு அந்தப் பக்கம் கஸ்பாரின் மனைவி செல்ஸி நின்றாள், இந்தப் பக்கம் ஆவுடையப்பன். இதோ வருகிறது என்று இவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கஸ்பார் சொன்னான், "முன்னால போனவன் கை காட்டுனான் சார். நாந்தான் பாட்டில எடுத்துத் தண்ணி குடிச்சிட்டு வந்தேன். கவனிக்கல." போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். செல்ஸி ஆவுடையப்பன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னண்ணே செய்வீங்க" என்று அழுதாள். இவன் வாயைத் திறக்கவில்லை. அப்போதே திறந்திருக்கலாம். திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஜெயிலிலா போட்டிருப்பார்கள்? கை காட்டாததற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை கிடையாது, கஸ்பார் போட்ட சட்டத்தைத் தவிர. ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. சைக்கிளை வேனில் ஏற்றியது ஆவுடையப்பன். கஸ்பாரின் தண்ணீர் பாட்டில் அதற்குரிய கம்பிக்கூட்டில் சொருகியபடியே இருந்தது. மூடி இறுக்கி இருந்தது. கழுத்து வரைக்கும் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு வாய் குறையவில்லை. அந்தப் பாட்டிலை ரோட்டோரத்தில் கவிழ்த்து ஊற்றியதும் இவன்தான். ஏன் ஊற்றினான்? யார் கேட்கப்போகிறார்கள்? அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்கு ஒரே கேள்விதான். கஸ்பாருக்குத் தெரியுமா? தலையில் அடிபட்டவனுக்குக் குடிக்காத தண்ணீர் குடித்ததாகத் தோன்றியிருக்கலாம். டாக்டரிடம் நைசாகக் கேட்டும் பார்த்தான், அடிபடுவதற்கு முன் நடந்தது குழம்பிப் போகுமா என்று. போகலாம் என்றார் டாக்டர். அந்தப் 'போகலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பதினாலு மாதம் சோறு தின்றான். ஞாயிறு தவறாமல் போவான். கஸ்பாரைப் புரட்டிப் போட்டு முதுகு துடைப்பான், புண் வந்திருக்கிறதா பார்ப்பான், முகத்துக்கு நுரை போட்டுச் சவரம் செய்துவிடுவான். செல்ஸிக்கு அதைச் செய்யக் கை நடுங்குமாம். கஸ்பார் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வான். கிரிக்கெட் பேசுவான், துறைமுகத்து ஆட்களைப் பற்றிப் பேசுவான். குழியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பேசாமல் இருப்பது தெரியாததாலா, தெரிந்ததாலா? ஒரு ஞாயிறு தெரியாததால்தான் என்று படும், மறு ஞாயிறு தெரிந்துதான் என்று படும், அப்படியே வாரம் ஓடிவிடும்.

சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்தான். முட்டத்துப் பாறையில் உட்கார வைத்து முதலில் அல்வினிடம் சொல்ல வேண்டும், 'தம்பி, அன்னைக்கு நான் கை காட்டல' என்று. அவன் அடிக்கட்டும், திட்டட்டும், சைக்கிளைக் கடலில் தூக்கிப் போடட்டும். அதற்கப்புறம் கஸ்பாரிடம் சொல்வது சுலபமாகிவிடும். வாக்கியம் தயாராக இருந்தது. மூன்று நாளாக மிதிக்கிற மிதிக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்த்து வருகிறான். அன்னைக்கு. நான். கை. காட்டல. மணப்பாட்டு மேட்டில் ஏறும்போது இதைச் சொல்லிக்கொண்டே ஏறினான், உவரி மணலில் சைக்கிளைத் தள்ளும்போதும் சொன்னான். முட்டத்துக்கு முன்னால் அந்த இடம் வரும். சிலுவை வைத்த ஒரு நீலக் குருசடி, பக்கத்தில் முருங்கை மரம், ஒரு சிறு பாலம். அந்த இடத்தில் இறங்கி நிற்க வேண்டும் என்று வைத்திருந்தான். நின்று என்ன செய்வது என்று தெரியாது, நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதோ நீலக் குருசடி. முருங்கை இல்லை. கொஞ்ச தூரத்தில் இன்னொரு குருசடி, அதுவும் நீலம்தான், வாசலில் மெழுகுவத்தி உருகிக் கறுத்திருந்தது. முருங்கை இருக்கிறது, பாலம் இல்லை. ரோடு முழுக்கப் புதுசாகப் போட்டிருந்தார்கள். அகலமாக, கறுப்பாக, நடுவில் வெள்ளைக் கோட்டோடு, ஒரு சுருக்கம் இல்லாமல். மூன்றாவதாக ஒரு குருசடி வந்தது. இதுவா? அதுவா? எந்த இடத்தில் ஒரு மனிதனின் பாதி உடம்பு போயிற்றோ அந்த இடத்தின் மேல் தார் ஊற்றி உருட்டிவிட்டார்கள், அதன் மேல் ஒருத்தி கொடுவா மீன் கூடையோடு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. குழி இல்லாமல் போனதற்கு எவனாவது அழுவானா? இவன் அழுதான். காற்று கண்ணீரை உடனே காதுப்பக்கம் தள்ளித் துடைத்துவிட்டது. ரோட்டில் ஒன்றுமே இல்லாத இடத்தில் அவன் கை இறங்கித் தரையைக் காட்டியது.

அதற்கப்புறம் ரோடு ஒரு கிலோமீட்டருக்கு இல்லை. கடல் வந்து கடித்து எடுத்துவிட்டிருந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன, கரை நெடுக அலையைத் தடுக்கக் கொட்டின கருங்கல், ஒவ்வொன்றும் ஒரு மாடு படுத்த அளவு. சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லுக்குக் கல் தாண்ட வேண்டும். செயின் மசி கழுத்தில் ஒட்டியது. கீழே கல்லிடுக்குகளில் அலை புகுந்து குழறுகிற சத்தம், யாரோ வாய் கொப்பளிப்பது மாதிரி. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் கஸ்பாருக்கு வாய் கொப்பளிக்கக் கூட முடியவில்லை, தண்ணீர் கழுத்தில் ஒழுகியது, துண்டு வைத்து ஒற்றினான் இவன். "பாசி" என்று கத்திப் பச்சை படிந்த கல்லைக் காட்டினான். திரும்பிப் பார்த்தான். அல்வின் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, குனிந்து, தானாக ஒரு தரம் பார்த்துவிட்டு, காலால் தடவிப் பார்த்துவிட்டு, வேறு கல்லுக்குத் தாண்டினான். "நாந்தான் சொன்னேம்லா, பாசின்னு" என்றான் ஆவுடையப்பன். "ஆமாண்ணே, பாசிதான்" என்றான் அவன், அப்போதுதான் கண்டுபிடித்தவன் மாதிரி. அடுத்ததாக ஆடுகிற கல் ஒன்று. "ஆடுது, அதுல கால் வைக்காத." அல்வின் சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கல்லைக் கையால் அமுக்கிப் பார்த்தான். ஆடியது. தலையை ஆட்டிக்கொண்டான். பையன் சோதித்துப் பார்ப்பதை ஆவுடையப்பன் பார்த்தான். ஏன் என்று அப்போது யோசிக்க விருப்பமில்லை. சைக்கிளின் கனம் தோளில் இறங்கியது, உப்புக் காற்றில் உதடு எரிந்தது, மனசு மட்டும் அந்த ஆடுகிற கல்லிலேயே நின்றது.

மறுபடி ரோடு வந்தது. மறுபடி ஏறினார்கள். மறுபடி நாலு சைக்கிள் நீளம் தள்ளி வந்தான் அல்வின். ஆவுடையப்பன் மூளைக்குள் ஒரு சின்னக் கிறுக்குத்தனம் புகுந்தது. லேபில் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க, முன்பே தெரிந்த ஒரு அளவை வைத்துப் பார்ப்பார்கள். ரோடு வழவழவென்று காலியாக இருந்தது. இடது கையை முழுசாக நீட்டி, தரையைக் காட்டி, "பெரிய குழி, இடது, பெரிய குழி" என்று தொண்டை கிழியக் கத்தினான். கத்திவிட்டுக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். அல்வின் இடது ஓரத்திலேயே, நேராக, ஒரு விரற்கடைகூட ஒதுங்காமல், குழி இருக்க வேண்டிய இடத்தின் மேலேயே ஏறி வந்துகொண்டிருந்தான். இவன் கையைப் பார்க்கவில்லை. முகம் கீழே ரோட்டில் இருந்தது. ஆவுடையப்பன் பிரேக் பிடித்து இறங்கினான். ஓரத்தில் ஒரு வலைக்கூடம், ஆளில்லை, உள்ளே பச்சை வலை குவிந்து கிடந்தது. அதன் நிழலில் நின்றான். அல்வின் வந்து, ஒரு காலை ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையை உதறினான். "ஏம்ணே, பங்சரா?" "இல்ல. நான் கை காட்டுனேன், நீ ஒதுங்கலியே." அல்வினுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தான், குடிக்கிற பாட்டிலை ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். "அங்க ஒண்ணும் இல்லியேண்ணே" என்றான். "இல்லதான். ஆனா நான் காட்டுனேம்லா. நீ கையப் பாக்கவே இல்ல. மூணு நாளும் பாக்கலியோ?"

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றான் அல்வின். நல்ல பையன், பொய் சொல்ல வரவில்லை அவனுக்கு. "எங்கண்ணன்தான் சொல்லி அனுப்புனான். கெளம்புற அன்னைக்குக் காலைல காதுகிட்டக் கூப்புட்டுச் சொன்னான். ஆவுடை முன்னாலதான் போவணும்னு நிப்பான், விட்டுரு, வேண்டாம்னு சொல்லாத, மனசு கஷ்டப்படுவான். ஆனா நீ ஒட்டிப் போவாத. நாலு சைக்கிள் தள்ளிப் போ. அவன் கையப் பாக்காத, ரோட்டப் பாருன்னான்." சொல்லிவிட்டு மூடியைத் திருகி மூடினான். "ஏன்னு கேட்டேன். ஒண்ணுஞ் சொல்லல. அவனுக்கு இப்ப எல்லாத்துக்கும் பயம்ணே. ஓசூர்ல நான் பைக் ஓட்டுனாலும் பயம்தான். நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க." ஆவுடையப்பன் ஒன்றும் நினைக்கவில்லை. நினைப்பதற்குத் தலைக்குள் எதுவும் மிச்சமில்லை. பதினாலு மாதம் ஓயாமல் கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு வலைக்கூட நிழலில், தண்ணீர் பாட்டில் மூடி திருகுகிற நேரத்தில் வந்துவிட்டது. தெரியும். அன்றே தெரியும். போலீஸ்காரர் நோட்டை விரிக்கும்போதே தெரியும், தெரிந்துதான் குடிக்காத தண்ணீரைக் குடித்தேன் என்றான். ஒவ்வொரு ஞாயிறும் கிரிக்கெட் பேசும்போதும் தெரியும். 'தம்பி, அன்னைக்கு நான்' என்று தொடங்கும் வாக்கியம் தயாராகவே இருந்தது. இப்போது அதை யாரிடம் சொல்வது? இந்தப் பையனிடம் சொன்னால் அண்ணன் கட்டிக் காத்ததை உடைத்த மாதிரி ஆகும். கஸ்பாரிடம் சொன்னால் அவனுக்குத் தெரிந்ததையே அவனுக்குச் சொன்ன மாதிரி ஆகும். இவனுக்கென்று சொந்தமாக இருந்தது அந்த நாலு சொல்தான். அதுவும் இப்போது ஒன்றுக்கும் ஆகாமல் போயிற்று. "சரி, வா" என்றான். வேறு என்ன சொல்வது?

முட்டத்தில் கலங்கரை விளக்குக்குக் கீழே சைக்கிள்களைச் சாய்த்துவிட்டுப் பாறையில் இறங்கினார்கள். அலை கீழே பாறையில் மோதி, மேலே வரைக்கும் சாரல் எழும்பி, முகத்தில் விழுந்தது. பையனுக்கு ஒரே சந்தோஷம். "இத அண்ணனுக்குக் காட்டணும்" என்று போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டான். செல்ஸி எடுத்து, போனைக் கட்டிலுக்கு மேலே பிடித்துக் காட்டினாள். கஸ்பாரின் முகம் திரை முழுக்க வந்தது. நாலு நாள் தாடி, வெள்ளை வெள்ளையாக. "கடலக் காட்டுல" என்றான். அல்வின் காட்டினான். கஸ்பார் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஆவுடைட்ட குடு" என்றான் பிறகு. போன் கைக்கு வந்தது. திரையில் இரண்டு கண். "வந்துட்டியாலெ." "வந்துட்டேன்." "ரோடு எப்படி?" "புதுசாப் போட்டிருக்கான். ஒரு குழி கெடையாது." "பையன் எப்படி ஓட்டுதான்?" ஆவுடையப்பன் பக்கத்தில் நிற்கிற அல்வினைப் பார்த்தான். "நல்லா ஓட்டுதான். தள்ளித் தள்ளித்தான் வாறான்." கஸ்பார் கண்ணை எடுக்கவில்லை. கோபம் இருக்கிறதா என்று அந்தக் கண்ணில் தேடினான். கோபம் இருந்தால் நல்லது, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடைக்கும். இல்லை. "அப்படித்தான் வரணும்" என்றான் கஸ்பார். மெதுவாகத்தான் சொன்னான். பிறகு, "ஞாயித்துக்கெழம வருவேல்லா? தாடி அரிக்கி" என்றான். "வருவேன்." "புது பிளேடு வாங்கிட்டு வால. போன வாரம் இழுத்துச்சு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆவுடையப்பன் தன் இடது கையைப் பார்த்தான். செயின் மசியும் உப்பும் படிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வலது கையில் பிளேடு இருக்கும், இந்தக் கை கஸ்பாரின் தாடையைப் பிடித்துப் பின்னால் சாய்க்கும். கழுத்து மேலே எழும்பி வரும். தொண்டைக் குழியில் நாடி துடிப்பது தெரியும். கஸ்பார் கண்ணை மூடிக்கொள்வான். அத்தனை ஞாயிற்றில் ஒருநாள்கூட அவன் பாதியில் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை. தன் கழுத்தை இந்தக் கையில் கொடுக்க அவனுக்குப் பயமில்லை. தம்பியைத்தான் கொடுக்கவில்லை. மன்னித்துவிட்டான், நம்பவில்லை. இரண்டும் ஒரே மனிதனுக்குள் சண்டை போடாமல் இருக்கிறது, நாளை மறுநாளும் அப்படியே இருக்கும், இவன் சாகிற வரைக்கும் இருக்கும். சத்தம் போட்டு அழ வேண்டும் போலிருந்தது, பையன் பக்கத்தில் இருந்தான். "போவோமாண்ணே, வெயில் ஏறுது" என்றான் அல்வின். "நீ முன்னால போறியா?" என்று கேட்டான் ஆவுடையப்பன். அல்வின் ஒரு நிமிஷம் யோசித்தான், அண்ணன் சொன்னது ஞாபகம் வந்திருக்கும். "இல்லண்ணே, நீங்களே போங்க" என்றான். ஏறி மிதித்தார்கள். மீன்காரர்கள் தெருவைத் தாண்டி மேற்கே திரும்பியதும் ரோட்டில் இடது பக்கம் ஒரு குழி, நிஜமான குழி, முழங்கால் ஆழம் இருக்கும். ஆவுடையப்பனின் கை தானாக இறங்கித் தரையைக் காட்டியது. "குழி, இடது" என்று சொன்னான். நாலு சைக்கிள் நீளத்துக்குப் பின்னால் அல்வின் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான், குழியைத் தானாகப் பார்த்தான், ஒதுங்கித் தாண்டினான்.